நிலுவையை ஒழிப்பது எப்படி? புது அதிகாரிக்குச் சில யோசனைகள்

முதலில் வாழ்த்து. ஹோட்டலில் நடந்த பயிற்சி முடிந்து, சிக்ஸ் சிக்மா மஞ்சள் பெல்ட் சான்றிதழோடு ஈப்போவுக்குத் திரும்பியிருக்கிறீர்கள். கராத்தேயில் மஞ்சள் பெல்ட் வாங்கிய பையன் பலகையை உடைத்துக் காட்ட வேண்டும். நீங்கள் பலகை ஒன்றுக்கு ஆர்டர் கொடுத்துச் சுவரில் மாட்டினால் போதும். நீங்கள் இருப்பது கோர்ட்டுப் பதிவகமோ, நில அலுவலகமோ, பதிவு இலாகாவோ, எதுவானாலும் சரி. ஒரு கவுண்டரும் அதற்கு எதிரே ஒரு நாற்காலி வரிசையும் இருக்கிற எந்த இடத்திலும் இந்த யோசனைகள் செல்லும்.

நீங்கள்தான் முதல் ஆள் என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம். 1981இல் மகாதீர் பிரதமரானதும் அரசு ஊழியர்களின் சட்டையில் பெயர்ப்பட்டை ஏறியது, வாசலில் கார்டு அடிக்கும் கடிகாரம் வந்தது. 1991இல் தரக் குழுக்கள் அமைக்கச் சொல்லிச் சுற்றறிக்கை. 1993இல் வாடிக்கையாளர் சாசனம். 1996இல் ஐஎஸ்ஓ 9000. பிறகு ஜப்பானிலிருந்து ஐந்து எஸ். புதியது வந்தபோதெல்லாம் பழையதைக் கழற்றியதாகச் சரித்திரம் இல்லை, பக்கத்தில் ஆணி அடித்தார்கள். அதனால் உங்கள் முதல் வேலை சுவரில் இடம் பிடிப்பது. மேலதிகாரியின் அறைக்குப் போகிற வழியில் பிடியுங்கள். மக்கள் உட்கார்ந்திருக்கும் பக்கம் மாட்டினால் யாராவது படித்துத் தொலைப்பார்கள்.

அடுத்து அந்த ஐந்து எஸ்ஸை நடத்திக் காட்டுங்கள். மலாயில் சிசிஹ், சூசுன், சாப்பு, செராகாம், செந்தியாசா அமால்: வேண்டாததைக் கழி, அடுக்கு, பெருக்கு, ஒரேமாதிரி ஆக்கு, விடாமல் செய். ஸ்டேப்ளர் இருக்கும் இடத்தைச் சுற்றி மஞ்சள் நாடா ஒட்டுங்கள். இழுப்பறையில் 'பென்சில்' என்று எழுதி, உள்ளே பென்சில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பூந்தொட்டி மூன்று வாங்குங்கள். அவற்றை வைக்க இடமில்லையென்றால், வெளியே காத்திருப்போருக்கான நாற்காலிகளில் மூன்றைக் கழிக்கலாம். பூட்டியே கிடக்கும் 'ஜி' அலமாரியை மட்டும் தொடாதீர்கள். அதன் சாவி, ஓய்வுபெற்றுப்போன பெரிய கிராணியிடம் இருப்பதாகப் பேச்சு. அதற்குள் என்ன இருக்கிறது என்று தெரியாத வரைக்கும் அது நிலுவை ஆகாது. தெரிந்த நிமிஷம் அது உங்கள் நிலுவை. வெளியே ஒரு லேபிள் ஒட்டி விட்டுவிடுங்கள்.

இனிக் கணக்கு. பயிற்சியில் லிட்டில் விதி என்று ஒன்று சொல்லித் தந்திருப்பார்கள். ஜான் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1961இல் நிறுவியது, பார்த்தால் ஒரு வரிதான். நாளுக்கு 10 கோப்பு உள்ளே வந்து, ஒவ்வொன்றும் 30 நாள் தங்கினால், எப்போது எண்ணினாலும் சராசரியாக 300 கோப்பு கிடக்கும். இதிலிருந்து குவியலைக் குறைக்க இரண்டே வழி. வருகிற கோப்பைக் குறைக்கலாம், அது மக்கள் கையில் இருக்கிறது. தங்குகிற நாளைக் குறைக்கலாம், அதற்கு நீங்கள் வேலை செய்தாக வேண்டும். பேராசிரியர் எழுதாமல் விட்ட மூன்றாவது வழியும் ஒன்று உண்டு: எதைக் 'கோப்பு' என்று எண்ணுவது என்பதை நீங்களே தீர்மானிப்பது. இந்தக் கைநூலின் சாரம் இதுதான், அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

கடிகாரத்தை எப்போது ஓடவிடுவது என்பதிலிருந்து தொடங்குவோம். நம்பர் சீட்டு கையில் ஏறிய நொடியிலிருந்து என்பதே நடைமுறை. சீட்டு கொடுக்கும் மிஷினை வாசலிலேயே வைத்துவிட்டால் காத்திருக்கும் நேரம் அப்படியே கம்ப்யூட்டரில் ஏறிவிடும். எனவே மிஷினுக்கு முன்னால் ஒரு மேசை போடுங்கள். அதில் ஒரு பெண் போராங்கைச் சரிபார்க்கட்டும். எல்லாப் பத்திரமும் இருந்தால்தான் நம்பர். மேசைக்கு முன்னால் நீளுகிற வரிசைக்கும் உங்களுக்கும் சம்பந்தமில்லை.

ஒரு பாட்டியை எடுத்துக்கொள்வோம். ஊர் சுங்கை சிப்புட் பக்கம், சிவப்பு அடையாள அட்டைக்காரர், அதாவது இன்னும் குடியுரிமை இல்லாதவர். முதல் பஸ் பிடித்து மேடான் கிட்டில் இறங்கி, எட்டு மணிக்கெல்லாம் வந்துவிட்டார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள், 2011இல் பத்திரமில்லாதவர்களைப் பதிய மைடஃப்தார் இயக்கம் வந்தபோது எழுதிக்கொடுத்த சீட்டு, 2017இல் மெகா மைடஃப்தார் வந்தபோது எழுதிக்கொடுத்த சீட்டு, கணவரின் இறப்புப் பத்திரம், பள்ளிக்கூடத்துப் படம் ஒன்று. பதினோரு மணிக்கு உங்கள் அலுவலகத் தம்பி ஒருவர் தேநீர் குடிக்க வெளியே வருகிறார்.

"பாட்டி, நம்பர் எடுத்தீங்களா?"

"அந்தப் பொண்ணு குடுக்கலய்யா. நான் பொறந்தப்ப தோட்டத்து டிரெஸ்ஸர் எழுதுன சீட்டு வேணுமாம்."

"எந்தத் தோட்டம் பாட்டி?"

"இப்ப அது தாமான்யா. வீடெல்லாம் கட்டிட்டாங்க."

"அப்ப டிரெஸ்ஸர்?"

"அவரு செத்தே முப்பது வருசம் ஆவுது."

"சரி, அந்தச் சீட்ட யார்கிட்ட வாங்குறது?"

"அதக் கேக்கத்தான்யா வந்தேன்."

பன்னிரண்டரைக்குப் பாட்டி பஸ்ஸுக்குப் போய்விட்டார். அன்றைய அறிக்கையைப் பாருங்கள்: சராசரிக் காத்திருப்பு 9 நிமிடம், சாசனத்தில் சொன்னது 15. நம்பர் ஏறாததால், கணக்குப்படி பாட்டி அன்று வரவேயில்லை. சிக்ஸ் சிக்மா என்றால் பத்து லட்சத்துக்கு 3.4 குறை மட்டும் என்று மோட்டோரோலாக்காரர்கள் வகுத்தார்கள். அவர்கள் குறையுள்ள பொருளைத் தேடித் தேடி எண்ணினார்கள், பாவம். குறையுள்ள ஆளை உள்ளேயே விடாமல் இருந்தால் 3.4 கூட வராது.

பேராக்கில் பிறந்தவருக்கு இதெல்லாம் புதிதில்லை. செயல்முறை மேம்பாடு ஜப்பானிலிருந்து வருவதற்கு ரொம்ப காலம் முன்பே நம் தாத்தாக்கள் ரப்பர் தோட்டங்களில் அதற்குள் வாழ்ந்தார்கள். விடியுமுன் பெரட்டு. பெயர் கூப்பிட்டு செக்ரோலில் குறி போட்டாக வேண்டும், லேட்டாக வந்தவனுக்கு அன்று பேர் இல்லை. ஆளுக்கு இத்தனை மரம், மரத்துக்கு இத்தனை ஆழம், பட்டை காயப்பட்டால் தண்டல் பார்ப்பார். வெயில் ஏறுமுன் வெட்டி முடித்து, மங்கிலிருந்து பாலை வாளியில் சேர்த்து, காண்டா போட்டுத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்குப் போனால், அங்கே கிராணி மெட்ரோலாக்கை பாலுக்குள் விடுவார். பாலில் எத்தனை தண்ணீர் என்று அது சொல்லிவிடும். கொண்டுவந்த பால் எத்தனை பவுண்டு என்று தராசு சொல்லும். தராசு எத்தனை பவுண்டை விழுங்கியது என்று சொல்ல மட்டும் கருவி இல்லை. அளக்கப்படுகிறவன் ஒருவன், அளக்கிறவன் வேறொருவன், கருவி அளக்கிறவன் கையில். நூறு வருஷம் ஓடிய ஏற்பாடு இது. சந்தேகம் வந்தால் லிட்டில் விதியை விட்டுவிட்டு இதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கடிகாரம் ஓடத் தொடங்குகிற இடத்தைப் பார்த்தாயிற்று. நிற்கிற இடம் இன்னும் முக்கியம். அதை 'முடிவு செய்யப்பட்டது' என்று எழுதுங்கள். 'கிடைத்தது' என்று எழுதிவிடாதீர்கள். 2018இல் அறுபது வயதைத் தாண்டிய சிவப்பு அட்டைக்கார இந்தியர் 3,407 பேருக்குக் குடியுரிமை கொடுக்க அமைச்சரவை ஒப்புக்கொண்டதாகச் செய்தி வந்தது. அது 'கிடைத்தது' கணக்கு. 2024 தொடக்கத்தில் உள்துறை அமைச்சர் சைஃபுடின் நசுத்தியோன், தேங்கிக் கிடந்த சுமார் 14,000 குடியுரிமை விண்ணப்பங்களையும் அந்த ஆண்டுக்குள் முடித்துவிடுவது இலக்கு என்றார். இது 'முடிவு செய்யப்பட்டது' கணக்கு. அதைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. வருஷக்கணக்கில் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு 'இல்லை' என்பதும் ஒரு பதில்தான். ஆனால் உங்கள் கோணத்திலிருந்து பார்த்தால் அதன் அழகே வேறு. மறுப்பதும் ஒரு முடிவு, கொடுப்பதும் ஒரு முடிவு, பலகையில் இரண்டும் ஒரே பச்சை நிறம். மறுப்புக்குக் காரணம் சொல்ல வேண்டிய கட்டாயமும் அரசியல் சட்டத்தில் இல்லை. காரணம் எழுதுகிற நேரமும் மிச்சம்.

கோர்ட்டுக்கும் அதே பச்சைதான். ஈப்போவில் பாலர் பள்ளி ஆசிரியை எம். இந்திரா காந்தியின் வழக்கை இங்கே சொல்லாமல் போக முடியாது. 2009இல் கணவர் மதம் மாறி, மூன்று பிள்ளைகளையும் தாயின் சம்மதமில்லாமல் மதம் மாற்றி, கைக்குழந்தையாக இருந்த கடைசி மகளை எடுத்துக்கொண்டு போனார். 2010இல் ஈப்போ உயர்நீதிமன்றம் பிள்ளைகளைத் தாயின் பொறுப்பில் விட உத்தரவிட்டது. 2013இல் அதே உயர்நீதிமன்றம் மதமாற்றச் சான்றிதழ்கள் செல்லாது என்றது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015இல் அதைத் தள்ளியது. 2018 ஜனவரி 29 அன்று கூட்டரசு நீதிமன்றம் தாய்க்குச் சாதகமாக இறுதித் தீர்ப்பு சொன்னது. பதிவேட்டின்படி வழக்கு முடிந்துவிட்டது. தீர்ப்புக்குப் பிறகும் வருஷங்கள் போயின, அந்தக் கடைசி மகள் தாயிடம் வந்து சேரவில்லை. இதற்கு எந்தக் கட்டத்தில் டிக் போடுவது என்று உங்கள் பயிற்றுநரிடம் கேட்டுப் பாருங்கள்.

சரி, வேலைக்கு வருவோம். டொயோட்டாவிலிருந்து வந்த 'ஐந்து ஏன்' முறையைச் சற்று ஜாக்கிரதையாகக் கையாள வேண்டும். உதாரணத்துக்கு: வழக்கு ஏன் தள்ளிப்போனது? தமிழ் மொழிபெயர்ப்பாளர் இல்லை. ஏன் இல்லை? அவர் இன்று வேறு கோர்ட்டில். ஏன் வேறு கோர்ட்டில்? இரண்டு கோர்ட்டுக்கும் ஒருவர்தான். இங்கே நிறுத்திவிடுங்கள். நாலாவது ஏன், காலியிடத்தை நிரப்பக் கேட்டு எழுதிய கடிதத்தில் போய் முட்டும். ஐந்தாவது ஏன், அந்தக் கடிதம் யார் மேசையில் கிடக்கிறதோ அந்த அறைக்குள் நுழையும். அந்த அறை வாசலில்தானே உங்கள் பலகையை மாட்டியிருக்கிறீர்கள்!

இப்போது ஒரு எச்சரிக்கை. நிலுவையை ஒழிக்கப்போய், உண்மையிலேயே ஒழித்துவிட்ட ஆட்களும் இந்த நாட்டில் இருந்திருக்கிறார்கள். அவர்களைப் பின்பற்றிவிடாதீர்கள்.

2008 அக்டோபரில் துன் ஸாக்கி அஸ்மி தலைமை நீதிபதியானார். வாழ்நாளில் பெரும்பகுதி வக்கீலாக இருந்தவர், அதனால் காத்திருக்கிற பக்கம் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர். அந்த மனிதர் எடுத்த எடுப்பில் பலகை மாட்டவில்லை, கோப்பு அறைக்குப் போனார். எத்தனை கோப்பு இருக்கிறது என்று எண்ணச் சொன்னார். தூசி தட்டி, வரிசைப்படுத்தி, எண் போட்டு அடுக்கச் சொன்னார். எண்ணி முடித்தபோது, எப்போதோ முடிந்துபோயும் முடிந்ததாகக் குறிக்கப்படாத கோப்புகள் வெளியே வந்தன. உயிரோடு இருக்கிற வழக்கு எது, செத்த வழக்கு எது என்பதே அப்போதுதான் தெரிந்தது. நம் பாஷையில் சொன்னால், 'ஜி' அலமாரிகளைத் திறந்துவிட்டார்.

அதோடு விட்டாரா? பத்திரங்களை வைத்தே தீர்க்கக்கூடிய வழக்குகளை ஒரு தடத்திலும், சாட்சிகளை விசாரிக்க வேண்டிய வழக்குகளை இன்னொரு தடத்திலும் பிரித்தார்கள். அதுவரை சாட்சி பேசப் பேச நீதிபதி கையால் எழுதிக்கொண்டிருப்பார், பேச்சு பேனாவின் வேகத்தில்தான் நகரும். கோர்ட்டுக்குள் கேமராவும் மைக்கும் வைத்து அந்தக் கையெழுத்து வேலையைக் குறைத்தார்கள். 2009 செப்டம்பரில் கோலாலம்பூரில் புதிய வணிக நீதிமன்றங்களைத் திறந்து, ஒன்பது மாதத்தில் வழக்கை முடிப்பது இலக்கு என்றார்கள். 2011 ஆகஸ்டில் உலக வங்கி இதைப் பற்றித் தனி அறிக்கையே எழுதியது. இந்தியாவிலிருந்து வருகிற வக்கீல் நண்பரிடம் ஒன்பது மாதம் என்று சொன்னால் பிரசவத்தைச் சொல்கிறோம் என்று நினைப்பார். அங்கே நிலுவை ஐந்து கோடியைத் தாண்டிவிட்டது.

இதில் குறையே இல்லையா என்றால், உண்டு. எண்ணிக்கையைத் துரத்துகிற அவசரத்தில் விசாரணையை நெருக்குகிறார்கள் என்று அதே ஆண்டுகளில் வழக்கறிஞர் மன்றம் புகார் சொன்னது. அதில் நியாயமும் இருந்தது. ஒத்திவைக்கக் கேட்டால் கிடைக்காத கோர்ட், உண்மையிலேயே சாட்சிக்கு உடம்பு முடியாத நாளிலும் கொடுக்காது. இருந்தாலும் என் கணக்கில் அவர் செய்ததிலேயே பெரிய காரியம் கேமராவும் இல்லை, ஒன்பது மாதமும் இல்லை. அந்தத் தூசி தட்டியதுதான். அதற்கு பெல்ட் தேவைப்படவில்லை, துணி தேவைப்பட்டது.

இன்னொரு அபாயகரமான ஆள் ரிச்சர்ட் மலஞ்சும். சபா, சரவாக் தலைமை நீதிபதியாக இருந்தபோது, 2007இல் நடமாடும் கோர்ட்டைத் தொடங்கினார். பிறப்புப் பதிவு இல்லாத கிராமத்து ஜனங்கள் ஆற்றையும் காட்டையும் தாண்டி ஊருக்கு வர முடியாது, வந்தாலும் பத்திரம் இருக்காது. அதனால் மாஜிஸ்திரேட்டை வண்டியில் ஏற்றி அங்கே அனுப்பினார். ஊர்ப் பெரியவர்கள் பக்கத்திலேயே நிற்பார்கள், இவன் இன்னார் பிள்ளை என்று சத்தியம் பண்ணிச் சொல்ல ஆள் இருக்கும். யோசித்துப் பாருங்கள், நம் சுங்கை சிப்புட் பாட்டியின் வீட்டு வாசலுக்கு இப்படி ஒரு வண்டி போனால் என்ன ஆகும்? அதே லயத்தில் வளர்ந்து இப்போது தாமானில் இருக்கிற கிழவிகள் நாலு பேர் ஓடி வந்து, டிரெஸ்ஸர் பெயரிலிருந்து பேறுகாலம் பார்த்த மருத்துவச்சி பெயர் வரைக்கும் சொல்லிவிடுவார்கள். உங்கள் மேசையும் மிஷினும் சும்மா கிடக்கும். ஆகவே வண்டி கேட்டு எழுதிவிடாதீர்கள். எழுதினாலும் பெட்ரோல் ஒதுக்கீடு இல்லை என்று பதில் வரும் என்ற தைரியத்தில் எழுதலாம்.

சில்லறை யோசனைகள். எல்லாவற்றையும் ஆன்லைனுக்கு மாற்றுங்கள், அதன்பின் வரிசை உங்கள் கட்டடத்தில் இருக்காது, பேரன் எப்போது வேலை முடிந்து வருவான் என்று பாட்டியின் வீட்டுத் திண்ணையில் இருக்கும். சிரித்த முகம், உம்மென்ற முகம் அமுக்குகிற பெட்டியைக் காரியம் முடிந்து வெளியேறுகிற கதவின் அருகே வையுங்கள். முடியாதவர்கள் அந்தப் பக்கம் வர மாட்டார்கள். சாசனத்தில் 'முழுமையான விண்ணப்பம் கிடைத்த நாளிலிருந்து' என்ற வாசகத்தை மறக்காமல் சேர்க்கவும். எது முழுமை என்பதை எங்கேயும் எழுத வேண்டாம்.

ஆண்டு முடிவில் புத்தாக்கக் குழுக்களுக்குப் போட்டி வைப்பார்கள். ஸ்லைடின் முதல் படத்துக்கு ஈப்போ உயர்நீதிமன்றக் கட்டடம் அருமையாக இருக்கும். 1928இல் கட்டியது, ரயில் நிலையத்தை வரைந்த அதே கட்டடக்கலைஞர் ஹப்பக் வரைந்தது, வெள்ளை வெளேரென்று நிற்கும். காலை வெயிலில் எடுங்கள். இரண்டாவது ஸ்லைடில் 'முன்பு', மூன்றாவதில் 'பின்பு'. 'முன்பு' படம் எடுக்கத் தவறிவிட்டால், இப்போது கொஞ்சம் கலைத்துப்போட்டு எடுத்துக்கொள்ளலாம், நடுவர்களும் முன்னாள் போட்டியாளர்கள்தான். பரிசு கிடைத்தால் பதவி உயர்வு, பதவி உயர்வு என்றால் மாற்றல், தைப்பிங்கோ புத்ராஜெயாவோ.

போவதற்கு முன் ஒரு மரியாதை பாக்கி இருக்கிறது. உங்களுக்குப் பின்னால் வருகிறவரும் பயிற்சிக்குப் போய் பெல்ட் வாங்கி வந்தவராகத்தான் இருப்பார், அவருக்கும் ஒழிக்க நிலுவை வேண்டும். கடைசி மாதத்தில் வந்ததையெல்லாம் அவசரப்பட்டு முடித்துவிட வேண்டாம். 'ஜி' அலமாரியின் கீழ்த்தட்டில் இன்னும் இடம் இருக்கும். பூட்டு திறக்கவில்லையென்றால் பக்கத்தில் 'எச்' ஒன்று ஆர்டர் செய்யுங்கள், நாலு தட்டு வைத்ததாக. விலைப் பட்டியல் மூன்று இணைக்க வேண்டும், அனுமதி வர ஏழெட்டு மாதம் ஆகும். இன்றே எழுதிப்போடுங்கள்.